தகவமைந்துவிட்டன

ஐஸ் கரைகிறது. கரையத்தான் செய்யும், பங்குனி மத்தியானம், மேலே சுற்றுகிற விசிறி அனலை எடுத்து அனலாகவே கீழே தள்ளுகிறது, நான் மட்டும் தட்டின்மேல் வைத்த ஐஸ் கரையாமல் இருக்கவேண்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பார்த்துக்கொண்டிருந்தால் கரையாதா என்ன. மீன் ஐஸ். எங்கள் துறையின் குளிர்பெட்டி போன மாதம் நின்றுபோனதிலிருந்து மீன் இறங்குகிற இடத்துக்குப் போய்த்தான் ஐஸ் வாங்கி வருகிறேன், பையைத் திறந்ததும் ஆய்வுக்கூடம் முழுக்கச் சாளை வாசம், உமி வேறு ஒட்டியிருக்கிறது. ஐஸுக்கு அடியில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பாளம். உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சி, கட்டி தட்டாமல் கிண்டி, ஊற்றி ஆறவைத்த பாளம், அல்வா மாதிரி நடுங்கும். அதற்குள் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. மின்சாரத்தோடு என் சிப்பிகளின் சாறும் போய்க்கொண்டிருக்கிறது. சர்க்கரையை எரித்துத் தெம்பாக்குகிற வேலையில் ஒரு படியில் நிற்கிற நொதி அது, எல்லாச் சிப்பியிலும் உண்டு, ஆனால் எல்லாச் சிப்பியிலும் ஒரே மாதிரி கிடையாது. ஒரு வகை பாளத்தில் விரைந்து ஓடும், இன்னொரு வகை பின்னால் நிற்கும். வேகன், மெத்தன் என்று என்னோடு ஆய்வுக்குச் சேர்ந்த மெர்லின்தான் பெயர் வைத்தாள். சில சிப்பிக்குத் தாய்வழி வேகனும் தகப்பன்வழி மெத்தனும் வந்திருக்கும், இரண்டும் தெரியும். இவ்வளவுதான் விஷயம், இவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி முப்பத்தாறு வயதாகிவிட்டது, இந்தப் பாளம் சூடேறி நொதி செத்துவிட்டால் ஒரு கோடும் தெரியாது, இன்னும் கொஞ்சம் ஐஸ் போடவா, போட்டால் சாயங்காலத்துக்கு இருக்காது, போடாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் பாளமே இருக்காது.

தகவமைந்துவிட்டன. இந்தச் சொல் காலையிலிருந்து மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. என் ஆய்வு வழிகாட்டி சிவசைலம் சார் நேற்றுத் தட்டச்சு செய்து கொடுத்த அறிக்கையில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம். வெந்நீர்க் கால்வாயின் வாயில் வாழும் சிப்பிகள் உயர் வெப்பநிலைக்கு மரபளவில் தகவமைந்துவிட்டன. கீழே அவர் பெயர், அதற்குக் கீழே என் பெயர், சு. சுயம்புகனி, ஆய்வு மாணவி. கல்லாமுனையில் அனல் மின்நிலையம் வந்து வெந்நீரைக் கால்வாய் வழியாகக் கடலில் விட ஆரம்பித்து வருஷங்கள் ஆகின்றன, இப்போது இன்னொரு உலை வரப்போகிறது, அடுத்த வாரம் மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம், அதில் கம்பெனிக்காரர்கள் படிக்கப்போகிற அறிக்கை இது. அந்தச் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். தகவமைந்து, விட்டன. விட்டன என்றால் முடிந்தது, இனிப் பேச ஒன்றுமில்லை, கதவைச் சாத்து. யார் தகவமைந்தது? எந்தச் சிப்பி? ஒரு சிப்பியைக் கொண்டுவந்து நிறுத்தி இதுதான் தகவமைந்த சிப்பி என்று காட்டச் சொன்னால் சாரால் காட்ட முடியுமா. சிப்பி தன் நொதியை மாற்றிக்கொள்ளாது. கூடப்பிறந்தது, அதோடுதான் சாகும். கால்வாய் வாயில் பெரிய சிப்பியாகப் பிடுங்கி வந்து பாளத்தில் ஓட்டினால் கிட்டத்தட்ட எல்லாமே மெத்தன், வெந்நீர் படாத தெற்குப் பாறையில் பாதி வேகன் பாதி மெத்தன், இது நான் கண்டுபிடித்ததுதான், நான்தான் அந்தப் பாளங்களை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்கு ஓடினேன், அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். பெரிய விஷயம் கனி, இயற்கை எப்படிச் சமாளிக்குது பாரு என்றார். நானும் சிரித்தேன். அந்த வேகன்கள் எங்கே போனார்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் அது தோன்றியது, தோன்றியதிலிருந்து தூக்கம் சரியில்லை.

சிப்பி பாறையில் பிறப்பதில்லை. ஆணும் பெண்ணும் கடலில் விட்டதெல்லாம் கலந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக வாரக்கணக்கில் மிதந்து, எந்த நீரோட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய்த் தன் நாரால் பாறையைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். கால்வாய் வாயில் ஒட்டுகிற குஞ்சு கால்வாய் வாய்ச் சிப்பியின் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒன்றுமில்லை. அப்படியானால் இரண்டே வழி. குஞ்சுகளும் மெத்தனாகவே இருந்தால் சார் சொல்வது சரி, அங்கே ஒரு குடும்பம் நிலைத்துவிட்டது, வெந்நீர்க் குடும்பம், நான் மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். குஞ்சுகளில் வேகனும் பாதி இருந்தால், தை மாதம் வந்து ஒட்டியதில் பாதி சித்திரை வைகாசிக்குள் சூடு தாங்காமல் செத்துவிடுகிறது, அடுத்த தை மாதம் மறுபடி வருகிறது, மறுபடி சாகிறது, எதுவும் தகவமையவில்லை, பிழைத்ததை மட்டும் எண்ணிக்கொண்டு நாம் சந்தோஷப்படுகிறோம். இன்றைக்குப் பாளத்தில் இடது பக்கம் பெரியவை, வலது பக்கம் நகத்தளவுக் குஞ்சுகள். குஞ்சை அரைப்பது கஷ்டம். ஓட்டைத் திறந்தால் சதை என்று ஒரு சளித்துளி. அதை ஒத்தியெடுத்து, அரைத்து, காகிதத் துணுக்கை நனைத்துச் செருகி, கழுத்து பிடித்துக்கொண்டது, இப்போதும் இடது தோளில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. எதைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வேகன் தெரிந்தால் நான் சரி, சாரோடு சண்டை. மெத்தன் மட்டும் தெரிந்தால் நான் தப்பு, சண்டை இல்லை, பட்டம் உண்டு. தப்பாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறவள் எதற்கு இந்த மாவைக் கிண்டவேண்டும்.

காலையில் பாறையில் நின்றபோது இவ்வளவு குழப்பம் இல்லை. கடல் வற்றிக் கிடந்தது. தெற்குப் பாறைப் பக்கம் கால் வைத்தால் குளிர்ச்சி ஏறும், கால்வாய்ப் பக்கம் வர வர முதலில் கணுக்கால் சொல்லும், பிறகு மூக்கு சொல்லும், சோற்றுக் கஞ்சியை வடித்துக் கொட்டிய இடத்து வாசம். தண்ணீரில் கை வைத்தால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடுதான், வலிக்காது, அதுதான் ஏமாற்றுகிறது, கம்பெனிக்காரர்கள் வருகிறவர்களையெல்லாம் கை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், பாருங்க சார் இவ்வளவுதான். கையை எடுத்துவிடலாம். ஒட்டிக்கொண்டதற்கு எடுக்க வழியில்லை. வற்றத்தில் மேலே வெயில், பெருக்கத்தில் சுற்றிலும் வெந்நீர், சித்திரை வந்தால் இரண்டும் சேரும். பெரிய சிப்பிகளின் இடுக்கில் குஞ்சுகள் கொத்தாக, பளபளவென்று, பச்சை விளிம்போடு. கத்தி நுனியால் நெம்பும்போது நார் விடவில்லை. எவ்வளவு நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது, உடனே, சிப்பிக்கு ஏது நம்பிக்கை, இப்படியெல்லாம் எழுதினால் சார் சிவப்பு மையில் வட்டம் போடுவார் என்றும் தோன்றியது. அவர் சொல்வது அதில் சரிதான். போன வருஷம் வைகாசியில் அந்த இடுக்கில் வெறும் ஓடுகளைப் பார்த்தேன். இரட்டை ஓடு, வாய் திறந்து, உள்ளே மணல். காற்றுக்குக் கிலுகிலுவென்று சத்தம் வந்தது. அலை அடித்துச் செத்திருக்கும், நண்டு தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெரிய சிப்பிகளைத்தான் பிடுங்கினேன், பெரியதில் சதை அதிகம், கோடு தெளிவாக வரும். கோடு தெளிவாக வருவதைத்தான் தேடிப் போகிறோம், அதனால்தான் தெளிவாக வருகிறது.

கரண்டு இருக்கிறதா. இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. மெர்லினாக இருந்தால் விளக்கைப் பார்க்கமாட்டாள், கண்ணாடி ஓரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள், சூடேறுது கனி, ஐஸைத் தள்ளி வை. நாங்கள் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தோம். மற்ற இரண்டு பேர் முதல் வருஷத்திலேயே போய்விட்டார்கள், ஒருத்திக்கு அரசு வேலை, ஒருத்திக்குக் கல்யாணம். மெர்லின் நாலு வருஷம் இருந்தாள். கோடு எழுப்புகிற சாயங்களில் சிலது ஆகாத மருந்து, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக்கூடாது. அவள் மாசமாக இருந்தபோது ஆறு மாதம் எழுத்து வேலை மட்டும் கொடுங்கள் சார் என்று கேட்டாள். மெர்லின், இது ஆய்வுக்கூடம், பிரசவ வார்டு இல்லை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் வந்து தன் குடையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போனாள். இப்போது திசையன்விளையில் டியூஷன் எடுக்கிறாள், நல்ல பெண்குழந்தை, படம் அனுப்பினாள். என்னைவிட நூறு மடங்கு சுத்தமாகப் பாளம் ஊற்றுவாள். அவளுக்குத் தாக்குப்பிடிக்க முடியலை என்று சார் எல்லோரிடமும் சொல்கிறார். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, கனியைப் பாருங்க, எந்தச் சூழ்நிலையா இருந்தாலும் அனுசரிச்சுப் போயிரும், அந்தக் குணம் வேணும் என்கிறார். முதல் தடவை கேட்டபோது பெருமையாக இருந்தது. நான் என்ன அனுசரித்தேன். எனக்குக் குழந்தை நிற்கவில்லை, அவ்வளவுதான். நின்றிருந்தால் நானும் குடையை எடுத்துக்கொண்டு போயிருப்பேன், இந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், அவளைக் காட்டி இதையே சொல்லியிருப்பார். இதை யோசிக்கக்கூடாது. பாளத்தை யோசி. ஐஸ் தண்ணீர் மேசை ஓரத்தில் சொட்டுகிறது, துணியை வை.

போன் அடித்தது, என் வீட்டுக்காரர் பால்துரை. துறைமுகத்துக் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை, மதியச் சாப்பாடு முடிந்து படிக்கட்டில் நின்று பேசுவார், பின்னால் லாரி ஹார்ன் கேட்கும். "சாப்பிட்டியா?" "இல்ல, ஓடிட்டு இருக்கு." "அந்த அறிக்கையில கையெழுத்துப் போட்டாச்சா?" "இன்னும் இல்ல." "ஏ கனி, ஒரு வரிதான?" "ஒரு வரிதான்." "அந்த ஒரு வரியப் போட்டுக் குடுத்துட்டு பட்டத்த வாங்கிட்டு வந்துரேன். அப்புறம் நீ என்ன வேணா எழுது, யார் கேக்கப் போறா?" மேசை ஓரத்துத் துணியைப் பிழிந்து மறுபடி வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கழுத்து வலித்தால் தைலம் தேய்த்துவிடுகிறவர், அவருடைய அம்மா என் படிப்பைக் குத்திப் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிடுகிறவர். "என்னத்துக்குப் பேசாம இருக்க?" "அந்த வரி பொய்யா இருந்தா?" "பொய்யின்னு தெரியுமா உனக்கு?" "சாயங்காலம் தெரியும்." "தெரியாம இருக்கும்போதே போட்டுரு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார், பிறகு, "விளையாட்டுக்குச் சொன்னேன், சாப்பிடு மொதல்ல" என்று வைத்துவிட்டார். விளையாட்டுக்குச் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தெரியாமல் இருக்கும்போதே போட்டுவிடு. உலகத்தில் முக்கால்வாசிக் கையெழுத்து அப்படித்தான் விழுகிறது போலிருக்கிறது. டிபன் பாக்ஸைத் திறந்தேன், புளிச்சாதம், சூட்டில் ஓரம் காய்ந்திருந்தது, இரண்டு வாய் தின்றேன், சாளை வாசத்தோடு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் விசிறி நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்து எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கரண்டு செய்கிற கம்பெனியின் புகைபோக்கி இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது, நாள் முழுக்கப் புகை, அதன் காலடியில் எங்களுக்குக் கரண்டு இல்லை. மின்கலம் சாரின் கணினிக்கு மட்டும்தான். கரண்டு நின்றால் நொதி ஓடாது, நின்ற இடத்தில் நாலாப்பக்கமும் கசியும், கோடு கோடாக இருக்காது, ஈரச் சுவரில் பூசிய மை மாதிரி பரவும். ஐஸ் இருக்கிற வரைக்கும் மெதுவாகக் கசியும், ஐஸ் போனால் தீர்ந்தது. மிச்ச ஐஸ் முழுவதையும் எடுத்துக் கண்ணாடிமேல் குவித்தேன், என் தாவணிக் காலத்துப் பழைய துண்டு ஒன்று இங்கே கிடக்கும், அதை மேலே மூடினேன், கையிரண்டையும் அதன்மேல் வைத்துக்கொண்டேன், என் கைச்சூடும் ஆகாது என்று எடுத்துவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. மறுபடி பிடுங்க முடியுமா, முடியும், ஆனால் கடல் நன்றாக வற்ற இன்னும் பல நாள் ஆகும், அதற்குள் கூட்டம் முடிந்துவிடும், அறிக்கை படித்தாகிவிடும், கைதட்டியாகிவிடும். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மின்வாரியத்தின்மேல் கோபப்பட்டு என்ன செய்ய, குளிர்பெட்டியின்மேல் கோபப்பட்டு என்ன செய்ய, சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர்மேல் கோபப்பட்டால் பைத்தியக்காரி என்பார்கள். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை, தும்மல் வந்தது. விசிறி ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. விளக்கைப் பார்த்தேன், சிவப்பு.

மிச்சத்தை ஓடவிட்டு, நிறுத்தி, கண்ணாடியை எடுத்து, பாளத்தைத் தூண்டில் நரம்பால் மெல்லியதாக அறுத்தேன். நரம்பு இரண்டு கையிலும் சுற்றி, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பு. கிழியவில்லை. மேல் ஏட்டைச் சாயத்தில் போட்டு, கறுப்புத் துணியால் மூடி, வெதுவெதுப்பாக வைத்தாயிற்று. இனி நான் செய்ய ஒன்றுமில்லை, இதுதான் எல்லாவற்றையும்விட மோசம். துணியைத் தூக்கிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் நீலமாகும். தூக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மூடினேன். ஒன்றுமே வராவிட்டால் என்ன, அது ஒரு விடுதலைதானே, கரண்டு போய்விட்டது சார், பாளம் போய்விட்டது, போட்டுக்கொள்ளுங்கள் உங்கள் வரியை. இதை மனதில் சொல்லும்போது எவ்வளவு லேசாக இருந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது. மறுபடி தூக்கினேன். இடது பக்கம் முதலில் வந்தது, பெரியவை, வரிசையாக ஒரே மட்டத்தில் மெத்தன், மெத்தன், மெத்தன், சார் சந்தோஷப்படுகிற வரிசை. வலது பக்கம் வெள்ளையாகவே இருந்தது, குஞ்சுச் சாறு நீர்த்தது, நேரமாகும். நான் பார்த்துக்கொண்டே நிற்க, பாளத்தின் முன்னால், வெகு முன்னால், பெரியவை ஒன்றுகூட எட்டாத இடத்தில், நகக்கீறல் மாதிரி ஒரு நீலம். பக்கத்தில் இன்னொன்று. ஓரத்தில் சிலது கலங்கிப் பூசினாற்போலப் போய்விட்டது, அவற்றைப் படிக்க முடியாது, படித்ததாகச் சொல்லவும் மாட்டேன். மீதி தெளிவு. வேகன், மெத்தன், இரண்டும் கலந்தது, வேகன், வேகன், மெத்தன். தெற்குப் பாறை மாதிரியே பாதிக்குப் பாதி. சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கண்டதிலேயே பெரிய விஷயம் இதுதான். விழுந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"என்னம்மா, வந்துட்டா?" சார் வாசலில் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தட்டின்மேல் குனிந்தார். அவர் முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது, கழுத்து நரம்பு அசைந்ததில் தெரிந்தது. "ரெண்டும் இருக்கு" என்றார். "ஆமா சார்." "ஓரத்துல கலங்கியிருக்கு." "கரண்டு போயிட்டு சார். கலங்கினத நான் எண்ணல." நிமிர்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். "ஒரு பாளம், கனி." "ஒண்ணுதான் சார். வைகாசியில திரும்ப அதே இடுக்குல எடுத்து ஓட்டினா இந்த வேகன் இருக்காது. அப்ப முழுசாச் சொல்லிரலாம்." "கூட்டம் அடுத்த வாரம்." "அப்ப அந்த வரிய எடுத்திருங்க." "எடுத்துட்டு?" "வருஷா வருஷம் குஞ்சு வந்து ஒட்டுது, சூடு தாங்காதது சாகுதான்னு பாக்கணும், இப்ப முடிவு சொல்ல முடியாதுன்னு போடுங்க." அவர் மேசையில் இருந்த ஐஸ் தண்ணீரைச் சுட்டுவிரலால் கோடு இழுத்துக்கொண்டே நின்றார். "பாதிப்பு இல்லன்னு நான் எங்கயும் எழுதல. தகவமைஞ்சிட்டுன்னுதான் எழுதியிருக்கேன். அறிவியல்படி அது தப்பில்ல." "கேக்குறவங்க அப்படிக் கேக்க மாட்டாங்க சார். சிப்பிக்கே பழகிட்டு, உங்களுக்கு என்னன்னு கேட்பாங்க." இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம், நிறுத்தவில்லை. "செத்தது எதுவும் எண்ணிக்கையில இல்ல சார். பிழைச்சத மட்டும் ஓட்டிப் பாத்துட்டு எல்லாம் சமாளிச்சிட்டுன்னு சொல்லுதோம்."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார், எட்டு வருஷத்தில் அவர் என் மேசைப் பக்கம் உட்கார்ந்தது இல்லை. "இந்தத் துறையில இப்ப எத்தன பிள்ளைங்க சேருதுன்னு உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் மூடிருவோம்னு சொல்லிட்டாங்க. கம்பெனி புது ஆய்வுக்கூடம் கட்டித் தாரேன்னு சொல்லுது. குளிர்பெட்டி, ஜெனரேட்டர், எல்லாம். நீ இப்படி மீன் ஐஸ வச்சிட்டு நிக்க வேண்டாம்." உண்மையைத்தான் சொன்னார். அவர் கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிக்கொண்டிருந்தது, அவரும் எதையோ பிடித்துக்கொண்டு இருக்கிறவர்தான் என்று ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது, இரக்கம் வந்தால் நான் தோற்றுவிடுவேன் என்றும் தெரிந்தது. "என் பேர எடுத்திருங்க சார்." "பேர எடுத்தா இந்த வேலைய யார் செஞ்சதுன்னு கேப்பாங்க." "செஞ்சது சுயம்புகனிதான், ஆனா அந்த வரிய அவ ஒத்துக்கலன்னு சொல்லுங்க." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நீ இப்படிப் பேசுவேன்னு நினைக்கல." "நானும் நினைக்கல சார்." எழுந்தார். வாசல்வரைக்கும் போய்த் திரும்பாமலே, "சரி, பேர எடுத்திருதேன். உன் ஆய்வேட்டப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார். அந்த அப்புறம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். வரி இருக்கும், பெயர் இருக்காது. இவ்வளவு பேசி நான் சாதித்தது என் பெயரை அழித்ததுதான்.

பாளத்தைப் படம் எடுத்தேன், நிறம் மங்காமல் காக்கிற திரவத்தில் போட்டேன், தட்டுகளைக் கழுவினேன், கை தானாகச் செய்தது. பஸ் ஸ்டாப்பில் வெயில் இன்னும் இறங்கவில்லை. நிழற்குடைத் தூணில் அந்தக் கூட்டத்தின் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள், பேச விரும்புவோர் முன்பதிவு செய்யலாம் என்று ஒரு எண், தினமும் அதில் சாய்ந்துதான் நிற்கிறேன், படித்ததில்லை. அடித்தேன். இந்நேரம் யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நம்பித்தான் அடித்தேன். எடுத்துவிட்டார். "சொல்லுங்க." "கல்லாமுனைக் கூட்டத்துல பேசணும்." "ஆதரவா, எதிர்ப்பா?" "ரெண்டும் இல்ல சார், ஒரு ஆய்வு முடிவு சொல்லணும்." "ரெண்டு வரிசதாம்மா இருக்கு. ஆதரவுன்னா மேட இடது பக்கம், எதிர்ப்புன்னா வலது பக்கம். எதுல எழுத?" எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது, வைத்துவிடலாம் போலிருந்தது. "சிப்பி சாகுதுன்னு சொல்லப்போறேன்." "அப்ப எதிர்ப்பு. பேரு?" சொன்னேன். "எந்த அமைப்பு?" "அமைப்பு இல்ல." "யாருமே இல்லாம தனியாவா?" "தனியா." பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "படிப்பு? டாக்டர்னு போடவா?" "இல்ல. போடாதீங்க." "ஆளுக்கு மூணு நிமிஷம்தான் பாத்துக்கோங்க. மைக்க நிப்பாட்டிருவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூணு நிமிஷம். நொதி என்றால் என்ன என்று சொல்லவே மூணு நிமிஷம் ஆகும். நொதியைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது. பாளத்தைச் சொல்லவேண்டாம், மாவைச் சொல்லவேண்டாம், வேகன் மெத்தன் மட்டும் சொல்லலாமா, சிரிப்பார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். கலங்கியது எத்தனை, தெளிவு எத்தனை என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் அதைத்தான் பிடிப்பான். முதல் வாக்கியம் எது. அய்யா வணக்கம், அதற்குப் பிறகு எது. செத்துவிடும் என்று ஆரம்பித்தால் ஜோசியம் என்பார்கள். செத்துவிட்டன என்று ஆரம்பிக்க முடியாது, இன்னும் சாகவில்லை, இன்னும் பங்குனிதான். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் என்னைப் பார்த்தார், நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து விசில் கொடுத்துவிட்டார், போகட்டும், அடுத்தது வரும். அய்யா வணக்கம். இன்றைக்குக் கால்வாய் வாயில் நகத்தளவுக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சூடு தாங்குகிறவையும் இருக்கின்றன, தாங்கமுடியாதவையும் இருக்கின்றன. நான் அரைத்தது போக மீதி எல்லாம், இப்போது, நாம் பேசிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில், உயிரோடு இருக்கின்றன.